கெர்னல் யோசனை கேட்ட வரலாறு

கணிப்பொறியில் இயங்கும் நிரல் எதுவாயினும், ஒரு கோப்பைத் திறக்கவோ, பிற இயந்திரத்துக்கு ஒரு செய்தி அனுப்பவோ அதற்குச் சுயேச்சையான அதிகாரம் கிடையாது. ஒவ்வொரு தடவையும் சிஸ்டம் கால் என்ற வழியாக, இயங்குதளத்தின் மையமாகிய கெர்னலிடம் விண்ணப்பித்துக்கொண்டே காரியத்தை முடித்துக்கொள்ள வேண்டும். நம்பத்தகாத நிரல்களின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் பொறுப்பைக் கெர்னலுக்கு வெளியேயுள்ள மற்றொரு நிரலிடம் ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் 1996-இலேயே, பெர்க்லி சர்வகலாசாலையில் உருவான ஜேனஸ் என்னும் கருவியில் தோன்றிவிட்டது. பின்னர் நீல்ஸ் ப்ரோவோஸ் இயற்றிய சிஸ்ட்ரேஸும் ஏறக்குறைய அம்மார்க்கத்தையே பின்பற்றியது.

இவ்வகைக் கருவிகளில் உள்ளுறைந்திருந்த பலவீனத்தை 2007-இல் ராபர்ட் வாட்சன் விளக்கமாக நிரூபித்தார். கோப்பின் பெயர் விண்ணப்பத்தில் இருப்பதில்லை. அது நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்ற முகவரி மட்டுமே இருக்கிறது. பரிசோதிக்கும் நிரல் அவ்விடத்தைப் படித்துச் சம்மதம் கொடுத்த பிறகு, கெர்னல் அதையே மறுபடி படிப்பதற்குள், விண்ணப்பித்த நிரலின் இன்னொரு இழை பெயரை மாற்றி எழுதிவிடலாம். குமாஸ்தா பார்த்துக் கையெழுத்திட்ட மனுவை, அது தாசில்தாரின் மேஜைக்குப் போகும் வழியில் மனுதாரரே திருத்திவிடுவதற்கு ஒப்பான மோசடி இது.

லினக்ஸ் கெர்னலின் கதையோ வேறு விதமாக ஆரம்பித்தது. தம் இயந்திரத்தின் ஓய்வு நேரத்தை அந்நியரின் கணக்குகளுக்கு வாடகைக்கு விட எண்ணியவர்களுக்காக ஆண்ட்ரியா ஆர்க்காஞ்செலி அமைத்த செக்காம்ப், 2005-இல் 2.6.12 பதிப்பில் இடம்பெற்றது. படித்தல், எழுதுதல், வெளியேறுதல், சிக்னலிலிருந்து திரும்புதல் ஆகிய நான்குக்கு மட்டுமே அதில் அனுமதி. ஐந்தாவதாக ஒன்றைக் கேட்ட நிரலுக்கு விசாரணையின்றி மரண தண்டனை. அத்தனை கடுமையான ஏற்பாடு சாமானிய நிரல்களுக்குப் பிரயோஜனப்படவில்லை. 2012-இல் வில் ட்ரூரி, வலைப்பின்னல் பாக்கெட்டுகளைச் சலிப்பதற்காக மெக்கேனும் வான் ஜேக்கப்ஸனும் முன்பே வகுத்திருந்த பெர்க்லி பாக்கெட் ஃபில்டரை எடுத்து, 3.5 பதிப்பில் சிஸ்டம் கால்களைச் சலிக்கும் சாதனமாக்கினார். அச்சலிப்பான் எண்களை மட்டுமே பார்க்கும். முகவரியைப் பின்தொடர்ந்து நினைவகத்துக்குள் போகாது. பலர் அதைக் குறையாகக் கருதினார்கள். மனுவைத் திருத்தும் மோசடிக்கு அங்கே இடமே இல்லாமற் போனதற்குக் காரணம் அக்குறைதான் என்பதை நினைத்தால், எனக்கு அதுவே அதன் தலைசிறந்த குணமாகத் தோன்றுகிறது.

ஆயினும் நிரல்களைத் தனித்தனியே அடைத்து இயக்கும் கண்டெய்னர்கள் பெருகிய காலத்தில், வெறும் எண்களைப் பார்த்து அனுமதிப்பதோ மறுப்பதோ போதவில்லை. விசேஷ அதிகாரமற்ற கண்டெய்னருக்குள் டெவ்-நல் போன்ற தீங்கற்ற சாதனக் கோப்பைச் சிருஷ்டிக்கக்கூடக் கெர்னல் மறுத்துவிடும். இதற்குப் பரிகாரமாக டைக்கோ ஆண்டர்சன் செய்த ஏற்பாடு, 2019 மார்ச்சில் 5.0 பதிப்போடு வெளிவந்தது. விண்ணப்பித்த நிரலை அப்படியே நிறுத்திவைத்துவிட்டு, ஓர் அடையாள எண், நிரலின் எண், சிஸ்டம் காலின் எண், ஆறு வாதங்கள் ஆகியவற்றைக் கெர்னல் மேற்பார்வை நிரலுக்கு அறிவிக்கிறது. மேற்பார்வையாளர் காத்திருக்கும் நிரலின் நினைவகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். திறந்த பின், அடையாள எண் இன்னும் செல்லுபடியாகிறதா என்று கெர்னலிடமே விசாரிக்க வேண்டும். ஏனெனில் இதற்கிடையில் அந்நிரல் மாண்டு, அதன் எண் முன்பின் தெரியாத வேறொரு நிரலுக்குப் போயிருக்கக்கூடும். எல்லாம் சரியெனில், கேட்ட காரியத்தை மேற்பார்வையாளரே தம் அதிகாரத்தால் செய்து முடித்து, விடையை மட்டும் அனுப்புகிறார். எல்எக்ஸ்டி என்னும் கண்டெய்னர் நிர்வாகி, சாதனக் கோப்புகளை இவ்வாறே அமைத்துக் கொடுத்தது.

5.5 பதிப்பில் கிறிஸ்டியன் பிரவுனர் மற்றுமொரு விடையைச் சேர்த்தார்: “நீயே செய்துகொள், தொடர்க” என்பது அது. அதனோடு பழைய மோசடியும் திரும்பி வந்தது. தொடரச் சொன்னால் கெர்னல் நினைவகத்தை மறுபடி படிக்குமல்லவா? ஆகவே, இதைப் பாதுகாப்புக் கொள்கைக்கு ஆதாரமாகக் கொள்ளலாகாது என்ற நீண்ட எச்சரிக்கை கெர்னலின் தலைப்புக் கோப்பிலேயே எழுதப்பட்டது. 2020 அக்டோபரில் வெளியான 5.9 பதிப்பிலோ, மேற்பார்வையாளர் தாமே கோப்பைத் திறந்து, திறந்த கோப்பைக் காத்திருக்கும் நிரலின் கையில் வைக்கும் வசதியைச் சர்குண் தில்லான் சேர்த்தார். கோப்பு திறக்கும் விஷயத்தில் “தொடர்க” என்று சொல்ல வேண்டிய நிர்ப்பந்தத்தை நீக்கியமையால், ஆண்டர்சன் தொடங்கிய வேலையைப் பூர்த்தி செய்தது இந்த வசதியே என்பது என் அபிப்பிராயம்.