கோவிந்துவின் படமும் கியூவின் தாளும்

ஓர் ஆர்க்கிட்டுக்கு அறிவியல் பெயர் வைத்தவர் எந்தச் செடியைப் பார்த்து வைத்தாரோ, அந்தக் காய்ந்த செடிதான் பெயருக்கு ஆதாரம். அதை வகைமாதிரி என்கிறோம். 1958க்கு முன் அதைச் சுட்டியே ஆக வேண்டும் என்ற விதி இல்லை. அதனால் நீலகிரி ஆர்க்கிட்டுகள் பலவற்றின் வகைமாதிரியைப் பழைய ஹெர்பேரியங்களில், அதாவது உலர்செடிக் காப்பகங்களில், தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. செடியை ஒட்டிய தாள் கிடைத்ததும் வேலை முடிந்ததாகக் கருதுவது தவறு. அது வந்த வழியையும் படிக்க வேண்டும். அதே செடிக்கு நம்மூர் ஓவியர் வரைந்த படத்தையும் சாட்சியாகச் சேர்க்க வேண்டும்.

வந்த வழியை ஏன் படிக்க வேண்டும் என்பதற்கு ராபர்ட் வைட்டின் தாள்கள் நல்ல உதாரணம். அவர் 1819இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னை மாகாணத்துக்கு வந்தவர். கோயம்புத்தூரில் பருத்திப் பண்ணைகளைக் கவனித்துக்கொண்டே செடிகளையும் சேகரித்தார். 1838 முதல் 1853 வரை அவர் வெளியிட்ட ‘ஐகோனஸ்’ என்ற தாவரப் படநூலின் ஆறு தொகுதிகளில் 2,101 படங்கள் உள்ளன. அவருடைய உலர்செடிகளின் உபரிப் படிகளை லண்டனின் கியூ தாவரவியல் தோட்டம் பல நாடுகளுக்குப் பிரித்து அனுப்பியது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்தத் தாள்களில் ‘இந்தியத் தீபகற்பம், வைட்டின் ஹெர்பேரியம்’ என்ற பொருளில் லத்தீனில் அச்சிட்ட சீட்டும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண் செடியைப் பறித்தபோது இட்டதல்ல, கியூவில் இனவாரியாகப் பிரித்தபோது இட்டது. ஒரே எண்ணுள்ள இரண்டு தாள்களில் ஒன்று நீலகிரியிலும் மற்றொன்று குற்றாலத்திலும் பறித்ததாக இருக்கக்கூடும். எண் ஒன்றே என்பதற்காக இரண்டையும் ஒரே சேகரிப்பின் படிகள் என்று பதிவு செய்தால் பிழை அடுத்த நூலுக்கும் போகும். அச்சுச் சீட்டைவிட, பழைய துண்டுக் காகிதத்தில் ஊரும் மாதமும் கையால் எழுதியிருந்தால் அதற்கே மதிப்பு அதிகம்.

எங்கே தேடுவது என்பதையும் வரலாறுதான் சொல்கிறது. நீலகிரிப் புல்வெளியில் பூக்கும் சட்டீரியம் என்ற ஆர்க்கிட் வகை ஒன்றுக்குத் தாவரவியலாளர் ஜான் லிண்ட்லி வைட்டின் பெயரை வைத்தார். புதுச்சேரியின் பெரோத்தே சேகரித்த செடிகளைக் கொண்டு 1841இல் அஷீல் ரிஷார் இன்னொரு சட்டீரியத்துக்குப் பெரோத்தேயின் பெயரை வைத்தார். இரண்டும் 1825இல் டேவிட் டான் பெயரிட்ட நேபாளச் சட்டீரியமே என்பது இன்றைய முடிவு. அந்த முடிவைச் சரிபார்க்க விரும்புகிறவர் ஒரு பெயருக்கு, 1865இல் கியூ வாங்கிய லிண்ட்லியின் ஆர்க்கிட் தொகுப்பையும், மற்றதற்குப் பாரிஸ் ஹெர்பேரியத்தையும் பார்க்க வேண்டும். வைட்டின் தாள்களை மட்டும் புரட்டினால் போதாது.

தாள்களின் படங்கள் இணையத்தில் கிடைக்கும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். பெங்களூரு மர்பி டவுனில் இருந்தபடியே கியூவின் தாளைத் திரையில் பெரிதாக்கலாம். அது பெரும் வசதி, மறுக்கவில்லை. ஆனால் அழுத்தி உலர்த்திய ஆர்க்கிட் பூவில் உதட்டிதழ் நசுங்கிப்போகும், நிறம் பழுப்பாகும். இனத்தைப் பிரிக்கும் அடையாளமோ பெரும்பாலும் அந்த உதட்டிதழிலும் நடுத்தண்டிலும்தான் இருக்கிறது. ஓவியர் ரங்கையாவும் அவருக்குப் பின் கோவிந்துவும் வைட்டுக்காக வரைந்த படங்களில் முழுச் செடியோடு, பிரித்த பூவின் உறுப்புகளும் தனித்தனியே பெரிதாக்கி வரையப்பட்டிருக்கின்றன. ஓவியர் பல செடிகளைக் கலந்து ஒரே படமாக வரைந்திருக்கலாமே என்பது வலுவான ஆட்சேபம். அதனால்தான் பெயரிடல் விதிகளும், மூல நூலில் குறிப்பிட்ட மாதிரி மிஞ்சியிருந்தால் அதற்கே முதலிடம் தருகின்றன. அப்படி எதுவும் மிஞ்சாதபோது மூலப் படத்தையே வகைமாதிரியாகத் தேர்ந்தெடுக்க அதே விதிகள் இடம் தருகின்றன. மாதிரி இருக்கும்போதும், எந்தத் தாள் சரியான தாள் என்று பிரித்தறியப் படம் உதவுகிறது.

1853இல் வைட் தன் ஓவியரின் பெயரால் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே ‘கோவிந்தூயா’ என்று பெயர் வைத்தார். அது இப்போது டிரோபிடியா என்ற பேரினத்துக்குள் அடங்கிவிட்டது. ஹெர்பேரியம் பட்டியல்களில் சேகரித்தவருக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்; ஓவியருக்கும் ஓர் இடம் வேண்டும். எடின்பரோ தோட்டத்தில் உள்ள மூல ஓவியங்களைக் கியூவின் தாள்களோடு பொருத்திப் பார்க்க ஓவியர் பெயர்கள் பெரிதும் பயன்படும்.