மண்டல எல்லைக்குள் ஒரு தொழில்: பிலிப்பைன்ஸ் அயல்பணித் துறையும் வரிச்சலுகைச் சட்டங்களும் (1995–2024)

வாடிக்கையாளருக்கு மறுமொழி கூறுதல், கணக்குகளைப் பேணுதல் போன்ற பணிகளை ஒரு நிறுவனம் ஒப்பந்த அடிப்படையில் வெளியாரிடம், பெரும்பாலும் வேற்றுநாட்டாரிடம், விட்டுச் செய்வித்துக்கொள்வது அயல்பணி எனப்படும். 2020ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 13 லட்சம் பேருக்கு வேலையளித்த பிலிப்பைன்ஸ் அயல்பணித் துறையின் இடர்ப்பாடுகளைப் பேசுவோர் இந்தியாவின் போட்டியையும் செயற்கை நுண்ணறிவையுமே முதலில் சுட்டுகின்றனர். எனினும், அத்துறையை வளர்த்த வரிச்சலுகையே பின்னர் அதற்குத் தளையாகவும் அமைந்ததைச் சட்ட வரலாறு காட்டுகிறது.

அமெரிக்க ஆட்சிக் காலத்தில் பள்ளிகளில் வேரூன்றிய ஆங்கிலமும், 1990களில் தொலைத்தொடர்பில் ஏகபோகம் தளர்ந்ததும் இத்துறைக்கு அடித்தளமிட்டன. 1995ஆம் ஆண்டின் சிறப்புப் பொருளாதார மண்டலச் சட்டம், மண்டலத்துக்குள் இயங்கும் நிறுவனங்களுக்குச் சில ஆண்டுகள் வருமான வரி விலக்களித்து, அதன்பின் பிற வரிகளுக்கு ஈடாக மொத்த வருமானத்தில், அதாவது விற்பனை வரவிலிருந்து நேரடிச் செலவுகளை மட்டும் கழித்த தொகையில், 5 விழுக்காடு வரி விதித்தது. வேலியும் சுங்க எல்லையும் கொண்ட ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்குப் பொருந்திய இந்த ஏற்பாட்டை அழைப்பு மையங்களுக்கும் விரிக்கும்பொருட்டு, மணிலாவின் அடுக்குமாடிக் கட்டடங்கள் தனித்தனியே மண்டலங்களாக அறிவிக்கப்பட்டன. இதனால், தீர்வையின்றி இறக்குமதியான ஒரு கணினியைக் கட்டடத்தின் வாயிலுக்கு வெளியே கொண்டுசெல்வதுகூடச் சுங்க அனுமதிக்குரிய செயலாயிற்று. கம்பிவழியே கடல்கடந்து செல்லும் சேவையைச் சுவர்களால் வரையறுத்த இம்முறையின் பொருந்தாமை கால் நூற்றாண்டுக் காலம் பெரிதாக உணரப்படவில்லை.

2019 ஜூனில், தொழில்களை மாகாணங்களுக்குப் பரப்பும் நோக்கில், மணிலா பெருநகரப் பகுதியில் புதிய மண்டலங்களை ஏற்பது நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் பெருந்தொற்று ஊரடங்கு வந்தபோது, ஊழியர்கள் வீட்டிலிருந்து பணிபுரியத் தற்காலிக அனுமதி அளிக்கப்பட்டது. ஆனால் 2021 மார்ச்சில் கையொப்பமான வரிச் சீர்திருத்தச் சட்டமோ, பதிவுபெற்ற பணி மண்டல எல்லைக்குள்ளேயே நடைபெற வேண்டுமென மீண்டும் வலியுறுத்தியது. 2022 ஏப்ரல் 1 முதல் அலுவலகம் திரும்பாத நிறுவனங்கள் சலுகையை இழக்க நேரும் என நிதிச் சலுகைகள் மீளாய்வு வாரியம் உறுதியாக நின்றது. ஊழியர் திரும்பினால் அலுவலகங்களைச் சுற்றியுள்ள உணவகங்களும் போக்குவரத்தும் உயிர்பெறும் என்ற நிதித்துறையின் வாதம், அயல்பணியைவிட அதன் அண்டைவீட்டாரின் நலனையே பேசியது எனலாம்.

அதே ஆண்டு செப்டம்பரில் கண்ட தீர்வு விந்தையானது. நிறுவனங்கள் தம் பதிவை மண்டலங்களை நிர்வகிக்கும் ஆணையத்திலிருந்து, மண்டல எல்லையைக் கட்டாயமாக்காத முதலீட்டு வாரியத்துக்கு மாற்றிக்கொண்டால், சலுகையை இழக்காமலே வீட்டுப்பணியைத் தொடரலாம். அலுவலகமோ ஊழியரோ இடம்பெயரத் தேவையில்லை, காகிதம் மட்டும் பெயர்ந்தால் போதும். சட்டத்தைத் திருத்தாமல் சட்டத்தின் விளைவை மட்டும் தவிர்த்த இவ்வழி, முதலீட்டாளர் நாடும் நிலைத்தன்மையைத் தந்திருக்க இயலாது.

2024 நவம்பரில் கையொப்பமான திருத்தச் சட்டம், மண்டல நிறுவனங்களின் ஊழியரில் 50 விழுக்காட்டினர் வரை வெளியிலிருந்து பணியாற்ற இடமளித்தது. எல்லை அழிக்கப்படவில்லை, பாதியளவு தளர்த்தப்பட்டது. சீபு, இலோயிலோ போன்ற நகரங்களில் வாழ்வோரைத் தலைநகருக்கு அழைக்காமலே பணியமர்த்த விரும்பும் மண்டல நிறுவனம், அந்தப் பாதிக்கு மேற்பட்டோருக்கு இன்றும் ஒரு மண்டலக் கட்டடத்தையே தேட வேண்டியுள்ளது.