செய்தி மேஜையின் கதை: தூர்தர்ஷன் தாளிலிருந்து சிவப்புப் பட்டை வரை

1. இன்னைக்கு ராத்திரி ஏதாவது ஒரு தமிழ் நியூஸ் சேனலைப் போட்டு, ஒரு நிமிஷம் சத்தத்தை நிறுத்திட்டுப் பாருங்க. செய்தி வாசிக்கிறவர் முகம் திரையில எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு கவனிங்க. பல நேரம் கால்வாசிகூட இருக்காது. மீதி எல்லாம் பட்டை, பெட்டி, ஓடுற எழுத்து, சிவப்பு. இது எப்படி இப்படி ஆச்சு? கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா வாசிங்க.

2. ஆரம்பத்தில் முகமே கிடையாது. நாடு சுதந்திரம் அடைஞ்ச செய்தியை 1947 ஆகஸ்ட் 15 காலையில் டெல்லி வானொலியில் தமிழில் வாசிச்சவர் பூர்ணம் விஸ்வநாதன். பிற்பாடு சினிமாவில் அப்பா வேஷத்தில் பார்த்தோமே, அவரேதான். அப்புறம் பல ஆண்டுகள் டெல்லியிலிருந்து சரோஜ் நாராயண்சுவாமி. டீக்கடையில் நின்னு கேட்டவங்களுக்கு அவர் முகம் எப்படி இருக்கும்னே தெரியாது. ஆனா குரல் மனப்பாடம்.

3. டிவி வந்த பிறகும் முகத்தைக் காட்டத் தயங்கியவங்க உண்டு. பிபிசி 1954இல் தொலைக்காட்சிச் செய்தியைத் தொடங்கியபோது வாசிப்பவர் திரையில் வரமாட்டார், குரல் மட்டும்தான். முகபாவம் செய்திக்குச் சாயம் பூசிடும்னு பயம். 1955இல்தான் கென்னத் கெண்டல் முகம் காட்டி வாசித்தார். இன்னைக்குக் கேட்டா சிரிப்பு வரும். ஆனா அவங்க பயந்தது தப்பில்லைன்னு கடைசியில் உங்களுக்கே தோணும்.

4. இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முறையில் தொடங்கியது. சென்னைக்கு வர 1975 ஆகஸ்ட் 15 ஆச்சு. கலர் வந்தது 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்த வருஷம். நம்ம தென் மாவட்டங்களுக்கு இன்னும் தாமதம். கொடைக்கானல் மலை மேல கோபுரம் வந்த பிறகுதான் மதுரைச் சமவெளிக்குத் தூர்தர்ஷன் ஒழுங்கா தெரிய ஆரம்பிச்சது.

5. அதனால நம்ம பக்கத்துப் பெரியவங்களுக்கு வேற ஒரு கதை உண்டு, கேட்டுப் பாருங்க. 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. மொட்டை மாடியில் உயரமா ஆன்டெனா கட்டி, அதைத் தென்கிழக்கே திருப்பி வச்சா, தூத்துக்குடி, ராமநாதபுரத்தில் மட்டுமில்ல, மதுரை வரைக்கும் புள்ளி புள்ளியா படம் வரும். சென்னைச் செய்திக்கு முன்னாடியே கொழும்புத் தமிழ்ச் செய்தி கேட்ட வீடுகள் இங்க இருக்கு. "அந்த உச்சரிப்பு இருக்கே..." என்று இப்பவும் சொல்றவங்க உண்டு.

6. தூர்தர்ஷன் செய்தி அரங்கம் எப்படி இருந்தது? ஒரு மேஜை, பின்னாடி வெற்றுச் சுவர், கையில் தாள். அவ்வளவுதான். ஷோபனா ரவி, வரதராஜன், பாத்திமா பாபு என்று வாசிச்சவங்க வீட்டு ஆட்கள் மாதிரி ஆனாங்க. ஷோபனா ரவி என்ன சேலை, என்ன தோடு என்று பார்க்கவே உட்கார்ந்த கூட்டம் ஒண்ணு இருந்தது. பார்க்க வேற எதுவும் திரையில் கிடையாதே!

7. அந்த எளிமைக்குள்ளேயும் தொழில்நுட்பம் உண்டு. மெல்லிய கோடு, சின்னக் கட்டம் போட்ட துணி கேமராவில் நெளியும். அதனால உடை பார்த்துத்தான் எடுக்கணும். தாளைப் பார்த்து வாசிச்சா தலை குனியும், நிமிரும். அந்த நிமிரும் நொடியில்தான் வாசிப்பவர் நம்மைப் பார்ப்பார். பிறகு பிராம்ப்டர் வந்தது. லென்ஸுக்கு முன்னால் சாய்த்து வைத்த கண்ணாடியில் எழுத்து ஓடும். இப்ப நம்மைப் பார்த்தபடியே வாசிக்கலாம். தாள் தந்த அந்தச் சின்ன இடைவெளி போச்சு.

8. 1993 ஏப்ரல் 14, சன் டிவி. அரசு அல்லாத ஒரு தமிழ்ச் செய்தி வீட்டுக்குள் வர இது வழி திறந்தது. நிர்மலா பெரியசாமி சொன்ன அந்த நீ...ண்ட "வணக்கம்" ஞாபகம் இருக்கா? பள்ளிக்கூட ஆண்டு விழா மிமிக்ரியில் அது இல்லாம இருக்காது. வாசிப்பவருக்குன்னு ஒரு முத்திரை வந்த காலம் அது. 2000இல் சன் நியூஸ் தனிச் சேனலானது. அரை மணி நேரம் இருந்த செய்தி, நாள் முழுக்க ஆச்சு.

9. 2001இல் இரண்டு நாட்கள் முக்கியம். ஒண்ணு, ஜூன் 30. நள்ளிரவு தாண்டி கருணாநிதி கைது. அந்தக் காட்சியைச் சன் டிவி திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. தமிழ்நாடே அதைப் பார்த்தது. ஒரு காட்சியை எத்தனை தடவை காட்டுறோம் என்பதே ஒரு செய்தி ஆகும் என்று தமிழ் டிவி அன்னைக்குக் கத்துக்கிச்சு.

10. இன்னொண்ணு, செப்டம்பர் 11. நியூயார்க் தாக்குதல் அன்று அமெரிக்கச் சேனல்கள் திரைக்கு அடியில் எழுத்தை ஓட விட்டன. ஒரே நேரத்தில் வந்த தகவல் அவ்வளவு, அதனால அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு. அவசரம் முடிஞ்சது, பட்டை போகவே இல்லை. உலகம் முழுக்கப் பரவி நம்ம வீட்டுக்கும் வந்தது. இப்ப சும்மா இருக்கிற நாளிலும் அது ஓடுது.

11. 2011 ஆகஸ்ட் 24இல் புதிய தலைமுறை வந்தது. கட்சிச் சேனல்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேற மாதிரி இருந்தது. 2012 நவம்பரில் தந்தி டிவி, 2014இல் நியூஸ் 7, 2016இல் நியூஸ் 18. நேர்படப் பேசு, ஆயுத எழுத்து என்று விவாதங்கள். வாசிப்பாளர் 'நெறியாளர்' ஆனார். கேள்வி கேட்கிறவர்தான் இப்போ நட்சத்திரம். நல்ல நெறியாளர்களால் அமைச்சர்கள் பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது, அதை மறுக்க முடியாது.

12. 2014 ஆகஸ்ட் 15 அன்று கோவையின் லோட்டஸ் நியூஸ் சேனலில் பத்மினி பிரகாஷ் செய்தி வாசித்தார். ஒரு திருநங்கை செய்தி மேஜையில் உட்கார்ந்ததை உலகப் பத்திரிகைகள் எழுதின. யார் அந்த நாற்காலியில் உட்காரலாம் என்ற கேள்விக்குப் பெரிய சேனல்கள் சொல்லாத பதிலை ஒரு சின்னச் சேனல் சொன்னது.

13. அரங்கமும் மாறியது. பச்சைத் திரைக்கு முன்னால் நிற்க வைத்து, பச்சை இருக்கும் இடத்தில் எல்லாம் வேற படத்தைக் கணினி ஒட்டும். மனுஷத் தோலில் அந்தப் பச்சை இல்லை, அதனால முகம் தப்பிக்கும். (பச்சைச் சேலை கட்டினா உடம்பு காணாமப் போயிடும்!) அப்புறம் சுவர் அளவுக்கு வீடியோ திரை. உட்கார்ந்து வாசிச்சவர் எழுந்து நின்னார், நடந்தார். குரல் ஏறியது.

14. சரி, டாக்டருக்கு இதில் என்ன வேலை? இருக்கு. மருத்துவத்தில் 'கெட்ட செய்தி சொல்வது' ஒரு தனிப் பாடம். 2000இல் புற்றுநோய் மருத்துவர்கள் வெளியிட்ட ஸ்பைக்ஸ் என்ற 6 படி முறை பிரபலம். அதில் முதல் படி என்ன தெரியுமா? இடம். அமைதியான அறை, உட்கார்ந்து பேசு, கேட்பவர் கண்ணைப் பார். இரண்டாவது, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்னு கேள். தகவலைச் சொல்வது நாலாவது படிதான். நியூஸ் ஸ்டுடியோவும் தினமும் கெட்ட செய்தி சொல்ற இடம்தான். அதன் 'இடம்' எப்படி இருக்குன்னு யோசிங்க.

15. 2019 அக்டோபர் 25. மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் 2 வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தான். நம்ம மதுரையிலிருந்துகூட ஒருவர் தன் மீட்புக் கருவியோடு ஓடினார். தீபாவளி வந்தது, போனது. தமிழ்நாடே டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தது. குழந்தை 88 அடிக்குச் சரிந்தான். 29ஆம் தேதி அதிகாலை உடல்தான் கிடைச்சது.

16. அந்த நேரலையைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்த வேளையில், தூத்துக்குடியில் ஒரு வீட்டில் 2 வயதுப் பெண் குழந்தை குளியலறையில் இருந்த தண்ணீர்ப் பாத்திரத்தில் விழுந்து இறந்தது. இதைச் சொல்றது அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல இல்லை. அவங்க செய்தது நாம எல்லாரும் அன்னைக்குச் செய்ததுதான். கண்ணை எடுக்க முடியாதபடி ஒரு திரையை வடிவமைச்சா, சில சமயம் கண் உண்மையிலேயே எடுபடாமல் போயிடும்.

17. 2013இல் அமெரிக்காவில் பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடிச்சது. அதற்குப் பிறகு நடந்த ஆய்வு ஒன்று: சம்பவ இடத்தில் இருந்தவங்களைவிட, அடுத்த வாரம் தினமும் 6 மணி நேரத்துக்கு மேல் அந்தச் செய்திகளிலேயே மூழ்கி இருந்தவங்க அதிக மனஅழுத்த அறிகுறிகளைச் சொன்னாங்க. திரும்பத் திரும்பப் பார்ப்பது நம்மைத் தயார் செய்யாது, நோகடிக்கும்.

18. கொரோனா ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25, நம்ம மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில். அதுக்கப்புறம் எல்லாத் திரையிலும் எண்ணிக்கைப் பெட்டி. பின்னணியில் திகில் பட இசை. நெஞ்சு படபடக்குது, மூச்சு வாங்குதுன்னு வந்தவங்களில் எத்தனையோ பேருக்கு ஆக்சிஜன் அளவு 99. நோய் இல்லை, பயம். பயமும் நிஜமான அறிகுறிதான். நாடி ஏறும், ரத்த அழுத்தம் ஏறும்.

19. அதே நாட்களில் மக்கள் மாலையானா காத்திருந்து பார்த்தது எது? சுகாதாரச் செயலாளர் பீலா ராஜேஷின் பேட்டி. மேஜை, மைக், கையில் தாள். இசை இல்லை. இன்று இத்தனை பேர், இந்த மாவட்டம், குணமானவர் இத்தனை. அவர் சேலையைப் பற்றி ஊரே பேசியது. யோசிச்சுப் பாருங்க, 80களின் தூர்தர்ஷன் அப்படியே திரும்பி வந்திருந்தது! செய்தியின் கனத்தைத் தாங்க ஒரு நிதானமான குரல் போதும் என்று அந்த மேஜை காட்டியது.

20. இப்ப அடுத்த கட்டம். 2023 ஜூலையில் ஒடிஷா டிவி 'லிசா' என்ற ஏஐ வாசிப்பாளரைக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் தூர்தர்ஷன் கிசானே இரண்டு ஏஐ முகங்களை இறக்கியது. தூங்காது, தடுமாறாது. ஆனா நல்ல வாசிப்பாளர் என்பவர் ழகரம் சரியாச் சொல்பவர் மட்டும் இல்லை. எங்க நிறுத்தணும், எங்க குரலைத் தாழ்த்தணும், எப்போ பேசாம இருக்கணும்னு தெரிஞ்சவர். ஒரு மரணத்தைச் சொல்லிட்டு அடுத்த வரிக்கு முன்னாடி விடுற ஒரு மூச்சு, அதுதான் தரம்.

21. மாத்திரை எழுதாம டாக்டர் போக மாட்டாரேன்னு நினைப்பீங்க. இந்தாங்க:
• செய்திக்கு ஒரு நேரம் வையுங்க. நாள் முழுக்க ஓட விடாதீங்க.
• பெரிய விபத்து நேரலையைக் குழந்தைகள் முன்னாடி போடாதீங்க. சின்னக் குழந்தைக்கு ரீப்ளே என்பது புரியாது, திரும்பவும் நடக்குதுன்னுதான் நினைக்கும்.
• படபடப்பு வந்தா முதல்ல டிவியை அணைங்க. நெஞ்சுவலி, வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தா யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு வாங்க. அது பயமா இல்லையான்னு நாங்க பார்த்துச் சொல்றோம்.
• வீட்டில் சர்க்கரை, பிரஷர் உள்ள பெரியவங்க ராத்திரி விவாதம் பார்த்துட்டுத் தூங்காம கிடந்தா, ரிமோட்டை மெதுவா வாங்கிக்கோங்க.

22. அப்புறம் சேனல்காரங்களுக்கு, நீங்களும் இதை வாசிப்பீங்கன்னு தெரியும். உங்க நிருபர்கள் வெயிலிலும் வெள்ளத்திலும் நின்னு உழைக்கிறதைப் பார்த்திருக்கோம். அவங்க கொண்டு வர்ற செய்தி நல்லாத்தான் இருக்கு. அதைச் சொல்ற அறையை மட்டும் கொஞ்சம் அமைதிப்படுத்துங்க. எங்க வார்டிலும் டிவி ஓடுது, கீழ படுத்திருக்கிறவங்க அதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்காங்க.

உங்க வீட்டில் மறக்க முடியாத செய்தி வாசிப்பாளர் யார்? கீழ எழுதுங்க. ரூபவாஹினிக்கு ஆன்டெனா திருப்பிய அனுபவம் இருந்தா கட்டாயம் எழுதுங்க, ஆசையா வாசிப்பேன்.