வி8 தோற்கவில்லை, செடான்தான் தோற்றது

ஆஸ்திரேலியாவில் ரொம்ப காலம் கார் ரசிகர்கள் இரண்டு கட்சி: ஃபோர்டு ஃபால்கன், ஹோல்டன் கமடோர். பாத்தர்ஸ்ட் பந்தயம் வந்தால் வீட்டுக்குள்ளேயே சண்டை நடக்கும். அப்படிப்பட்ட நாட்டில் உள்ளூர் வி8 கார்கள் ஏன் காணாமல் போயின? பெட்ரோல் விலை என்று சுலபமாகச் சொல்லிடலாம். அது பாதி பதில்தான்.

இந்த வேகக் கார்கள் தனியாகப் பிறந்தவை இல்லை. குடும்பத்துக்கும் டாக்ஸிக்கும் விற்ற அதே செடானில் பெரிய எஞ்சினை வைத்தார்கள், அவ்வளவுதான். தொழிற்சாலைச் செலவைச் சுமந்தது சாதாரண செடான்.

1980களில் 57.5 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 2010ல் 5 சதவீதமானது. குடும்பங்கள் சின்னக் கார், எஸ்யூவி, தாய்லாந்து பிக்கப் என்று நகர்ந்தன. 15 வருஷம் விற்பனையில் முதலிடத்தில் இருந்த கமடோரை 2011ல் மாஸ்டா 3 முந்தியது.

வி8 ரசிகர்கள் கடைசிவரை வாங்கினார்கள். ஆனால் அவர்களை மட்டும் நம்பி ஒரு ஆலை ஓடாது. 2016 அக்டோபரில் ஃபால்கன் நின்றது, அடுத்த அக்டோபரில் கமடோர். எலிசபெத் ஆலையில் கடைசி நாளன்று சுமார் 950 பேர் வேலை இழந்தார்கள்.

1971 ஃபால்கன் ஜிடி-எச்ஓ 10 லட்சம் டாலருக்கு மேலேயும் விலை போயிருக்கிறது. ஆசை அப்படியேதான் இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் செடான் வாங்குவதை நிறுத்திவிட்டார், அதுதான் விஷயம்.