குத்துக்கல்லும் வலசையும்: நகரும் புத்தகத் தட்டின் வரலாறு

தென்காசியை ஒட்டியிருக்கும் குத்துக்கல்வலசையின் பெயருக்குள் இரண்டு சொற்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றன. குத்துக்கல் என்பது மண்ணில் நட்டு நிறுத்திய கல். இடத்தை விட்டு அசையாதவரைக் 'குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறார்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். வலசை என்பது இடம்பெயர்தல். பெயர்ந்து வந்தவர்கள் அமைத்துக்கொண்ட குடியிருப்புக்கும் அச்சொல்லே ஆகிவந்தது. ஊர்ப்பெயராய்வு இக்கட்டுரையின் நோக்கமன்று. வீட்டுச் சுவரில் புத்தகம் வைக்கும் தட்டைப் பற்றிச் செய்திகள் திரட்டியபோது, அதன் வரலாறே இந்த இரு சொற்களுக்கும் நடந்த வழக்காகத் தோன்றியதால் பெயரைத் தொட்டுவைக்கிறோம். நட்டது நட்டபடி நிற்கும் தூண் ஒன்று வேண்டும். அதில் ஏறி இறங்கும் பலகையும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுசேர மனிதருக்கு வெகுகாலம் பிடித்திருக்கிறது.

நம் பழைய வீடுகளில் தட்டு என்பது சுவருக்கு உள்ளே இருந்தது. மண்ணாலும் கல்லாலும் சுண்ணாம்பாலும் எழுப்பிய ஒன்றரை அடிச் சுவரைக் குடைந்தால் மாடம் கிடைத்துவிடும். விளக்குக்கு ஒன்று, விபூதிச் சம்புடத்துக்கு ஒன்று என்று அளவறிந்து கொத்தனார் குடைந்து தந்தார். பெரிய சாமான்கள் பரணுக்குப் போயின. எலிக்கும் எறும்புக்கும் தப்பவேண்டியவை உறியில் தொங்கின. அலமாரி என்ற சொல் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தது என்பது பலரும் அறிந்த செய்தி. சொல் கடல் கடந்து வந்ததென்றால், அச்சொல் குறித்த பொருளும் நம் வீட்டுக்குப் புதிதாகத்தான் இருந்திருக்கும்.

புத்தகத்துக்கென்று அங்கே தனியிடம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஓலைச்சுவடிக்குத் தட்டு தேவைப்படுவதில்லை. இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே அடக்கிக் கயிறு சுற்றித் துணியில் கட்டிவிட்டால், அதைப் பரணில் போடலாம், பெட்டியில் போடலாம், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்கலாம். குவிப்பதில்தான் ஆபத்து வந்தது. அடியில் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாதது யாருக்கும் வேண்டாததாகும். சில காலம் சென்றால் அதற்குக் குப்பை என்று பெயர்.

இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கிய கரிவலம்வந்தநல்லூரில் உ.வே.சாமிநாதையர் பட்ட அனுபவம் இதற்குச் சான்று. தென்காசிப் பாண்டியர் மரபில் வந்த புலவரசர் வரதுங்கராமரோடு தொடர்புடைய ஏடுகள் அவ்வூர்க் கோயிலில் இருப்பதாக அறிந்து அவர் தேடிச் சென்றார். குப்பைகூளமாய்க் கிடந்த அந்த ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகமம் சொன்னபடி ஓமத்தில் இட்டுவிட்டதாக அவருக்குக் கிடைத்த பதிலைத் தம் தன்வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். எரித்தவர்களைக் கொடியவர்கள் என்று நாம் நினைக்கவில்லை. அவர்கள் கண்ணுக்கு அது ஒரு குவியல். அந்த ஏடுகள் ஒவ்வொன்றும் முதுகைக் காட்டிக்கொண்டு வரிசையாக நின்றிருந்தால், நெருப்பில் இடுவதற்கு முன் யாராவது ஒருவர் ஒன்றையாவது உருவிப் பார்த்திருக்கக்கூடும் என்ற எண்ணத்தை மட்டும் தவிர்க்க முடியவில்லை.

அச்சுப் புத்தகம் வந்தபின் நிலைமை மாறியது. அதற்கு முதுகு உண்டு, நிற்கத் தெரியும். அதே காலத்தை ஒட்டிச் சுவரும் மெலியத் தொடங்கியது. செங்கல்லும் சிமெண்டும் சேர்ந்து வெளிச்சுவரை ஒன்பது அங்குலமாகவும் அறைத்தடுப்பை நாலரை அங்குலமாகவும் ஆக்கிவிட்டன. நாலரை அங்குலத்தில் மாடம் குடைய முடியாது. குடைந்தால் அடுத்த அறை தெரியும். ஆகவே தட்டு சுவரைவிட்டு வெளியே வந்தாகவேண்டியிருந்தது. அதற்கு நம் கொத்தனார்கள் கண்ட வழி கடப்பாக் கல். ஆந்திரத்துக் கடப்பா மாவட்டத்துக் கரிய சுண்ணாம்புக்கல் பலகையை இருபுறச் சுவர்களிலும் சொருகிப் பூசிவிட்டால் தலைமுறைக்கும் அசையாது. குத்துக்கல்வலசை, மேலகரம், இலஞ்சி என்று இப்பக்கம் எந்த ஊரில் வீடு கட்டினாலும் சமையலறையில் தொடங்கிப் படிப்பறை வரை இந்தக் கல் ஏறிவிடுகிறது. கறையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது, விலையும் மலிவு. இத்தனை நற்குணங்களுக்கும் ஈடாக அது ஒன்றே ஒன்றை மறுக்கிறது: ஒருமுறை வைத்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம்கூட நகராது. குத்துக்கல் படுத்துக்கொண்டால் கடப்பாக் கல்.

இந்த ஓர் அங்குலத்தின் விலை என்ன என்று கணக்குப் பார்க்கலாம். தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை இரண்டு அளவுக்குள் அடங்கும். கிரௌன் எட்டில் ஒன்று ஏறத்தாழ ஏழரை அங்குல உயரம். டெமி எட்டில் ஒன்று எட்டரை அங்குலத்தை ஒட்டியது. தமிழ் லெக்சிகன் போன்ற அகராதிகளும் படப்புத்தகங்களும் இவற்றுக்கு மேலே. கொத்தனாரோ, பெரியதும் போகட்டும் என்று தட்டுக்குத் தட்டு ஓரடி இடைவெளி விடுகிறார். ஆறடி உயரத்தில், கல்லின் கனத்தையும் சேர்த்தால், ஐந்து வரிசை கிடைக்கும். கிரௌன் புத்தகங்களுக்கு எட்டரை அங்குல இடைவெளி போதும். அதே ஆறடியில் முக்கால் அங்குலப் பலகையோடு ஏழு வரிசை வரும். மூன்றடி அகலத் தட்டில் புத்தகத்துக்கு ஓர் அங்குலம் என்று வைத்தாலும் 72 புத்தகங்களுக்கான இடம் வெறும் காற்றாக வீணாகிறது. காற்றாக இருந்தாலும் பாதகமில்லை. நிற்கும் புத்தகங்களின் தலைமேல் அந்த நாலங்குலத்தில் நாம் மற்றவற்றைப் படுக்கப் போடுகிறோம். சிற்றிதழ்கள், மெலிந்த கவிதைத் தொகுப்புகள், நண்பர் தந்த சிறுபிரசுரங்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேர்கின்றன. வரிசை மறுபடியும் குவியலாகிறது. வீட்டுக்காரர் காலமானபின் பழைய பேப்பர்காரரின் தராசில் முதலில் ஏறுவதும் அந்தக் குவியல்தான்.

உயரம் ஒவ்வாத இச்சிக்கல் பழையது. லண்டனில் நாட்குறிப்பு எழுதிப் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பிஸ் 1666இல் சிம்ப்சன் என்ற தச்சரைக் கொண்டு புத்தக அலமாரிகள் செய்வித்தார். அவற்றில் குட்டையான புத்தகங்களுக்கு அடியில் சிறு மரக்கட்டைகளை வைத்து எல்லாவற்றின் தலையையும் ஒரே மட்டமாக்கினார். தட்டை நகர்த்துவதற்குப் பதிலாகப் புத்தகத்தை உயர்த்திய புத்தி அது. கேம்பிரிட்ஜின் மாட்லின் கல்லூரியில் அந்த 3,000 புத்தகங்களும் அவருடைய ஒழுங்கு குலையாமல் இன்றும் நிற்கின்றன. அவருக்கு அது சரிதான். தம் நூலகம் 3,000 என்ற எண்ணிக்கையைத் தாண்டக்கூடாது என்று முடிவு செய்துகொண்டவர் அவர். வளராத நூலகத்துக்கு நகரும் தட்டு எதற்கு?

பெரிய நூலகங்களிலும் வெகுகாலம் புத்தகத்துக்கு முகவரி கல்லில் எழுதியதுபோல இருந்தது: இன்ன அறை, இன்ன அலமாரி, இன்ன தட்டு. புத்தகத்தின் எண்ணே தட்டின் எண்ணாக இருந்தால் தட்டை எப்படி நகர்த்துவது? 1876இல் மெல்வில் டூயி தம் தசாம்சப் பகுப்பை வெளியிட்டபோது எண் தட்டைவிட்டுப் புத்தகத்தின் பொருளுக்கு இடம்பெயர்ந்தது. ஒரு புத்தகம் எந்தப் பலகையில் நிற்கிறது என்பது முக்கியமற்றுப் போய், எதற்கு அடுத்து நிற்கிறது என்பதே அதன் முகவரியாயிற்று. 1897இல் திறக்கப்பட்ட வாஷிங்டன் காங்கிரஸ் நூலகக் கட்டடத்துக்குப் பெர்னார்டு கிரீன் வடிவமைத்த இரும்பு அடுக்குகளில் தட்டுகள் ஏறி இறங்கின. தட்டுகளையே இடைவெளி விட்ட எஃகுச் சட்டங்களாகச் செய்து காற்றோட்டத்துக்கும் வழி விட்டிருந்தார்.

நம் பக்கத்துக்காரர் ஒருவர் இங்கே நுழைகிறார். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன். அதே ஆண்டில் நூலகவியல் பயில லண்டன் சென்றவர், செல்ஃப்ரிட்ஜ் அங்காடியில் மெக்கானோ விளையாட்டுப் பொருளை விற்பனையாளர் பூட்டிக் காட்டுவதைக் கண்டார். லிவர்பூலின் ஃப்ராங்க் ஹார்ன்பி 1901இல் காப்புரிமை பெற்ற விளையாட்டு அது. ஒரே சீரான இடைவெளியில் துளையிட்ட உலோகப் பட்டைகள், திருகுகள், மரைகள். அதே பட்டைகளால் பாலம் கட்டலாம், கலைத்துவிட்டுப் பளுதூக்கி செய்யலாம். ஒரு நூலின் பொருளையும் இப்படித் துண்டுகளாக்கிப் பூட்டலாமே என்று அவருக்குத் தோன்றியதன் பயன்தான் 1933இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறை. திருகின் வேலையை அதில் முக்காற்புள்ளி செய்கிறது.

அதற்கு இரண்டாண்டு முன்பு, 1931இல், அவருடைய ஐந்து விதிகள் நூலாக வந்தன. நூலகம் உயிருள்ளது, வளர்ந்துகொண்டே இருப்பது என்பது ஐந்தாம் விதியின் சாரம். பலரும் இதை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கும் பொன்மொழியாக்கிவிட்டார்கள். அரங்கநாதனுக்கு அது அறைகலன் பற்றிய விதியும்கூட. நூல் பெருகும் என்றால் தட்டும் பெருகவேண்டும், மாறவேண்டும், கைக்கு எட்டவேண்டும் என்று அங்குலக் கணக்கில் யோசித்தவர் அவர். வகைப்பாட்டுக்கு அவர் மெக்கானோவிலிருந்து எடுத்ததும், தட்டுக்கு உலகம் பின்னர் எடுத்ததும் ஒரே துளைப்பட்டைதான் என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

பின்னர் எடுத்தவர்களில் முதலாமவர் டிமெட்ரியஸ் கொமினோ. ஆஸ்திரேலியாவில் பிறந்த கிரேக்க வழியினர். லண்டனில் அச்சகம் நடத்தியவர். அச்சகத்தின் மேசைகளையும் அடுக்குகளையும் ஓயாமல் மாற்றிக் கட்டிச் சலித்துப்போய், நெடுக நீள்துளைகளிட்ட எஃகுக் கோணச் சட்டத்தை உருவாக்கினார். டெக்ஸியன் என்ற பெயரில் 1947இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று நம் மருந்துக்கடையிலும் நியாயவிலைக் கடையிலும் கிளை நூலகத்திலும் நிற்கும் 'ஸ்லாட்டட் ஆங்கிள்' அடுக்குகள் அதன் வழித்தோன்றல்களே.

வீட்டுச் சுவருக்கு அதைக் கொண்டுவந்தது ஒரு பதிப்பகம் என்பது இவ்வரலாற்றில் நமக்கு மிகப் பிடித்த பகுதி. சுவீடனின் போனியர் பதிப்பகம் மலிவு நூல் வரிசையை விற்கப் புறப்பட்டபோது, சாதாரணக் குடும்பங்களில் புத்தகம் வைக்க இடமில்லை என்பதை உணர்ந்தது. 1949இல் மலிவான, அஞ்சலில் அனுப்பத்தக்க, சேர்த்துச் சேர்த்து நீட்டத்தக்க தட்டுக்குப் போட்டி அறிவித்தது. வந்த 194 வடிவங்களில் நில்ஸ் ஸ்ட்ரின்னிங்கின் வடிவம் வென்றது: சுவரில் ஏணிபோல் மாட்டிய மெல்லிய கம்பிச் சட்டங்கள், வேண்டிய படியில் தொங்கவிடும் பலகைகள். டென்மார்க்கில் போல் கடோவியஸ் 1948இலேயே மரச்சட்டத்தில் இதுபோன்ற ஒன்றைச் செய்திருந்தார். ஜெர்மனியின் டீட்டர் ராம்ஸ் 1960இல் விட்சோ நிறுவனத்துக்காக வடிவமைத்த 606 என்ற அடுக்கு, துளையிட்ட அலுமினியத் தண்டவாளத்தைச் சுவரில் பதித்து, முளைகளைச் செருகித் தட்டுகளைத் தாங்கவைத்தது, இன்றும் தயாரிக்கப்படுகிறது. அதன் விலையைக் கேட்டால் நாம் கடப்பாக் கல்லுக்கே திரும்பிவிடுவோம் என்பது வேறு விஷயம். தமிழில் எந்தப் பதிப்பகமாவது வாசகருக்குத் தட்டு செய்து தர நினைத்ததுண்டா என்று தேடவேண்டாம், இனியாவது நினைக்கலாம்.

சுவரில் ஓட்டை போடாமல் இவற்றுள் எதுவும் நடக்காது. உளியால் குழி எடுத்து மரக்கட்டையை இறக்கி அதில் ஆணி அடிப்பதே நம் தச்சர் வழக்கமாக இருந்தது. 1910களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களுக்குச் சேதமின்றி மின்சாதனம் பொருத்தவேண்டிய ஜான் ராலிங்ஸ், சணல் நாரில் செய்த சிறு குழாயைத் துளைக்குள் செருகித் திருகாணி முடுக்கினார். ஆணி இறங்க இறங்கக் குழாய் விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். ரால்பிளக் என்று நாம் கடையில் கேட்கும் சொல் அவர் பெயரின் சுருக்கம். 1958இல் ஜெர்மனியின் ஆர்த்தர் ஃபிஷர் இதையே நைலானில் செய்தார்.

இனி குத்துக்கல்வலசைச் சுவருக்கு வருவோம். கண்ணாடி அறையில் இருக்கும் ஐரோப்பியப் படத்தை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆனி, ஆடியில் குற்றாலத்துச் சாரல் கணவாய்க் காற்றோடு இங்கும் வந்துவிடும். மேற்குச் சுவர் வாரக்கணக்கில் ஈரம் கோத்திருக்கும். தரையை ஒட்டிய அலமாரிக்குள் கறையான் சத்தமில்லாமல் ஏறும். ஆகவே சுவரில் மாட்டும் தட்டு இங்கே அழகுக்கான ஏற்பாடு அன்று. புத்தகத்தின் உயிருக்கான ஏற்பாடு. தண்டவாளத்தை உட்சுவரில், முடிந்தால் ஒன்பது அங்குலச் சுவரில் பதிக்கவேண்டும். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஓரங்குலம் விடவேண்டும். பின்பலகை அடைக்கக்கூடாது. கிரீன் வாஷிங்டனில் விட்ட காற்று இங்கேதான் அதிகம் தேவைப்படுகிறது.

தொய்வையும் முன்கூட்டியே நினைக்கவேண்டும். அடர்ந்து நிற்கும் புத்தகம் மூன்றடிக்கு 20 கிலோவைத் தாண்டிவிடும். ஒரே கனப் பலகையின் தாங்கலிடை நீளத்தை இரட்டித்தால் தொய்வு இருமடங்காவதில்லை, 16 மடங்காகிறது. கனத்தை இரட்டித்தால் எட்டில் ஒன்றாகக் குறைகிறது. ஆறடிப் பலகையை இரு முனைகளில் மட்டும் தாங்கவிட்டு ஓராண்டில் அது வாழையிலைபோல் வளைவதைப் பார்த்து மரத்தின் மேல் பழி போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவும். முக்கால் அங்குல ஒட்டுப்பலகைக்கு இரண்டரை அடிக்கு ஒரு தாங்கி வைத்தால் கவலையில்லை. செங்கோட்டைப் பக்கத்துத் தேக்கு கிடைப்பவர்கள் மூன்றடிவரை போகலாம்.

துளைகள் ஓரங்குல இடைவெளியில் இருந்தால் போதும். லெக்சிகனைத் தாங்கும் தட்டு எல்லாவற்றுக்கும் கீழே, பாரம் சுவரின் அடிப்பகுதியில் விழும்படி இருக்கவேண்டும். டெமிக்கு நடுவில் பத்து அங்குலம். கிரௌனுக்கு மேலே எட்டரை. கைக்கு எட்டும் உச்சியில், அதிகம் போனால் ஆறரை அடி உயரத்தில், சிற்றிதழ்களுக்கென்று ஒரு தட்டு. அவை ஆளுக்கொரு உயரம் என்பதால், இதழ் நின்றுபோய் அடுத்த இதழ் வேறு அளவில் தொடங்கும்போது தாங்கியைக் கழற்றி இரண்டு துளை மேலேயோ கீழேயோ மாட்டவேண்டியிருக்கும்.