கயிறு பிடித்தவர்கள்

இன்னைக்கு எபிசோட் கண்ணாடியைப் பத்தியும் முத்தைப் பத்தியும். கூடவே, நான் பல வருஷமா சொல்லிட்டு வந்த ஒரு பொய்யும் இருக்கு. அதைக் கடைசியில் ஒத்துக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. வேலை பெங்களூரில், நாள் முழுக்க லேப்டாப் முன்னாடி. கையால் எதையாவது செஞ்சு பார்க்கணும்னு தோணி, போன மாசம் கண்ணாடி ஊதும் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். ரெண்டு நாள் வகுப்பு, ஆறு பேர், எல்லாருமே கத்துக்குட்டிகள். ரீல்ஸ் பார்த்துட்டு, 'குழாயை வாயில் வெச்சு ஊதினா பலூன் மாதிரி உப்பும், அவ்வளவுதானே' என்று நினைத்துத்தான் போனேன்.

முதல் நாள் காலையில் ஊதவே விடல. உலைக்குள் ஏறக்குறைய 1,100 டிகிரி செல்சியஸ் சூட்டில் கண்ணாடி பாகு மாதிரி உருகிக் கிடக்குது. நீளமான இரும்புக் குழாயின் நுனியை அதில் விட்டுச் சுருட்டி எடுக்கணும். எடுத்த நொடியிலிருந்து உருட்டிக்கிட்டே இருக்கணும். கை நின்னா கண்ணாடி ஒரு பக்கமாத் தொங்கிடும். அரை நாள் முழுக்க உருட்டியதில் மணிக்கட்டு வீங்கிப் போச்சு.

ரெண்டாவது ஆச்சரியம், இது தனி ஆள் வேலையே இல்லை. நான் பெஞ்சில் உட்கார்ந்து குழாயை உருட்டிக்கிட்டே, நனைச்ச காகித மடிப்பால் கண்ணாடிக்கு உருவம் கொடுக்கிறேன். குழாயின் மறுமுனையில் குத்தவெச்சு உட்கார்ந்து ஊதுறது வேற ஒருத்தர். எனக்கு ஜோடியா வந்தது ஒரு ஸ்கூல் டீச்சர். டம்ளரோட வாயை விரிக்கணும்னா, முதல்ல அடிப்பக்கத்தில் சூடான கண்ணாடி வைத்த ஒரு கம்பியை அவங்க ஒட்டணும். அது பிடிச்சதும் நான் குழாயைத் தட்டிப் பிரிக்கணும். அவங்க 'சரி'ன்னு சொல்றதுக்கு முன்னாடியே நான் தட்டிட்டேன். டம்ளர் சிமென்ட் தரையில் விழுந்து தூள்.

"நான் சொல்ற வரைக்கும் நின்னிருக்கலாமே தம்பி" என்றார் டீச்சர். கோபமா சொல்லல. அதுதான் ரொம்ப உறைச்சுது.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. இந்த வேலையை முதன்முதலில் யார் செஞ்சிருப்பாங்கன்னு தேடிப் படிச்சேன். கண்ணாடி ஊதுறது மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில், கி.மு. முதல் நூற்றாண்டில் தொடங்கினது. ரொம்பப் பழைய தடயங்களில் ஒன்று ஜெருசலேமில் கிடைத்த பட்டறைக் கழிவு. அதில் சுவாரஸ்யம் என்னன்னா, அங்கே இரும்புக் குழாய் இல்லை, கண்ணாடிக் குழாய்தான். ஒரு முனையைச் சூடாக்கி மூடி, மறுமுனையில் ஊதி, சின்னச் சின்னக் குப்பிகள் செஞ்சிருக்காங்க.

இப்போ நம்ம கரைக்கு வாங்க. புதுச்சேரி பக்கத்தில் அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய இடம். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கேயும் கண்ணாடிக் குழாய் இழுத்தாங்க. ஆனா ஊதல. மெல்லிய குழாயாக இழுத்து, பொடிப்பொடியாக வெட்டி, மறுபடி சூடாக்கி விளிம்பை மழுங்க வெச்சாங்க. அதுதான் பாசிமணி. கழுத்தில் போடுற பாசியேதான்!

இந்த முறை அண்மைக் காலம் வரைக்கும் திருப்பதி பக்கம் பாப்பாநாயுடுபேட்டையில் உயிரோடு இருந்தது. 'லாடா' என்ற இரும்புக் குழாயில் கண்ணாடியைத் திரட்டிக் கொடுக்க ஆட்கள், எதிர்ப்பக்கத்திலிருந்து அதை இழையாக இழுக்க ஒரு ஆள். வெட்டின மணிகளைச் சாம்பலோடு கலந்து சூடாக்குவாங்க. ஓட்டை அடைபடாமல் இருக்க அந்தச் சாம்பல். இங்கேயும் தனி ஆள் யாரும் கிடையாது, கவனிச்சீங்களா?

'அவங்க ஊதினாங்க, நாம ஏன் ஊதல?' என்று கேட்கத் தோணும். எனக்கு அது தப்பான கேள்வியாப் படுது. நம்ம பாசிக்கு மார்க்கெட் இருந்தது. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் இந்த வகைக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தார். ஏன்னா கிழக்கு ஆப்பிரிக்கா முதல் தென்கிழக்கு ஆசியா வரைக்கும் இவை கிடைக்குது. தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில், மன்னார் வளைகுடாவின் அந்தப் பக்கம், இலங்கையின் மாந்தையும் இந்த மணிகள் செய்த ஊர்தான்.

அதே வளைகுடாவில்தான் முத்து. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்ற கடல்வழிக் கையேடு, பாண்டியர்களின் கொற்கையைச் சொல்லுது. இன்னைக்குக் கொற்கை கடலை விட்டு உள்ளே தள்ளிப்போன ஒரு சின்ன கிராமம். அங்கே தண்டனை பெற்ற கைதிகள்தான் முத்துக் குளித்தார்கள் என்கிறது அந்தப் புத்தகம். மேற்குக் கரைத் துறைமுகங்களில் இறங்கிய சரக்குகளில் வார்க்காத பச்சைக் கண்ணாடியையும் அது சேர்க்குது. முத்து போச்சு, கண்ணாடி வந்துச்சு.

அப்புறம் ஒரு ட்விஸ்ட். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜாக்கன் என்ற ஜெபமாலை செய்பவர், மெல்லிய கண்ணாடிக் குமிழ் ஊதி, அதன் உள்பக்கத்தில் ஆற்று மீன் செதிலிலிருந்து எடுத்த பளபளப்பைப் பூசி, மெழுகு நிரப்பினார். போலி முத்து ரெடி! கொஞ்சம் பளபளப்புக்கு ஆயிரக்கணக்கான மீன்கள் வேணும். அதே நூற்றாண்டில், 1658இல், டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவங்களுக்கு வேண்டியது அசல் முத்து.

அசல் முத்துக்கும் மூச்சுதான் முதலீடு. முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டை எங்க ஊரில் 'பார்' என்போம். குளியாள் ஒரு கல்லில் கால் வைத்து, கயிற்றோடு இறங்குவார். ஏறக்குறைய ஒரு நிமிஷம் மூச்சை அடக்கி, கைக்கு எட்டின சிப்பிகளைப் பையில் அள்ளிப் போடுவார். கயிற்றை அசைச்சதும் தோணியில் இருக்கிறவர் மேலே இழுக்கணும். அந்தக் கயிற்றை மச்சானிடம்தான் கொடுப்பாங்க என்று ஊரில் சொல்வாங்க. அக்கா தங்கச்சி தாலிமேல அக்கறை உள்ளவன் கையை விடமாட்டான் இல்லையா?

பிரிட்டிஷ் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அதுக்கப்புறம் பார்களில் சிப்பி போதுமான அளவு சேரல. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கினாங்க.

சரி, இப்போ அந்தப் பொய். காலேஜில் சேர்ந்த நாள் முதல், 'எங்க தாத்தா முத்துக்குளிச்சவர்'னு எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். இந்த பாட்காஸ்ட்டின் முதல் எபிசோடிலேயே சொன்னேன். உண்மை என்னன்னா, தாத்தா குளிக்கல. அந்தக் கடைசிக் குளிப்பில் அவருக்கு இருபத்து சொச்சம் வயசு. தோணியில் நின்னு கயிறு பிடிச்சார். அதைச் சொன்னா கெத்தா இருக்காதுன்னு நானே அவரைக் கடலுக்குள் இறக்கிவிட்டுட்டேன்.

சின்ன வயசில் நான் கேட்டிருக்கேன், "சும்மா நிக்கிறதுக்கு எதுக்குத் தாத்தா கூலி?"

"சும்மாவா? கீழ அவன் மூச்சை அடக்கினா மேல நானும் அடக்குவேன்ல. கயிறை விட்டு ஒரு தடவை கண்ணு விலகினா ஆள் இல்லடா" என்றார். அப்போ அது எனக்கு ஏறல. டம்ளர் தரையில் விழுந்த அன்னைக்குத்தான் ஏறுச்சு.

ரெண்டாம் நாள், டீச்சர் 'சரி' சொல்ற வரைக்கும் நின்னேன். ஒரு டம்ளர் தேறுச்சு. கொஞ்சம் கோணல், அடியில் ரெண்டு குமிழ். கண்ணாடியை உடனே வெளியே எடுத்தா விரிசல் விடும். அதனால் ராத்திரி முழுக்கத் தனி அடுப்பில் மெதுவா ஆறவெச்சு, மறுநாள்தான் கையில் கொடுத்தாங்க. லீவுக்கு ஊருக்குக் கொண்டுபோனேன்.

"நீயா ஊதினே?" என்று அம்மா கேட்டாங்க.

"இல்லம்மா. ஊதினது ஒரு டீச்சர். நான் உருட்டினேன்."

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுக்குள்ள உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு வைங்க, அவங்க யாருக்குக் கயிறு பிடிச்சாங்கன்னு.