பெயர் மறைத்த சித்திரங்கள்

கலைக்கல்லூரியிற் சேர விரும்பும் மாணாக்கர் தம் கைத்திறனைக் காட்டும் சித்திரங்களைத் தெரிந்தெடுத்து, ஒரு கோவையாக்கிச் சமர்ப்பிப்பது உலகின் பல நாடுகளிலும் உள்ள வழக்கம். குலத்தையும் செல்வத்தையும் கேளாது, தாளிலுள்ள கோடுகளை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறுவதிலும் நியாயமான முறை வேறு யாதுளது எனப் பலர் கருதுவர். ஆயின், சித்திரக் கோவை தானாக உருவாவதில்லை. அதன் ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஓய்வுநேரமும், பார்த்து வரைதற்குரிய பொருளும், வழிகாட்டும் ஆசானும் நிற்கின்றனர். இவை எவருக்குக் கிடைத்தன, எவருக்கு மறுக்கப்பட்டன என்று வினவாது கோவையை மட்டும் நோக்குவது, நிலத்தை மறந்து விளைச்சலை அளப்பதற்கு ஒப்பாகும். இலண்டனில் 1860ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு சம்பவம் இவ்வுண்மையை நமக்குத் தெளிவாக்குகின்றது.

மூன்றாம் ஜோர்ஜ் மன்னனின் ஆதரவுடன் 1768இல் நிறுவப்பட்ட றோயல் அக்கடமி, தன் சித்திரப் பள்ளியில் மாணாக்கரிடம் கட்டணம் பெறவில்லை. இதனால் அதன் கதவு எல்லோருக்கும் திறந்திருந்ததெனத் தோன்றலாம். ஆனால், விண்ணப்பிப்போர் புராதன கிரேக்க, உரோமச் சிலைகளின் சாந்து வார்ப்பொன்றைப் பார்த்து நுணுக்கமாக நிழலிட்டு வரைந்த சித்திரத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். அது ஏற்கப்பட்டால் முதலிற் பரீட்சார்த்தக் காலம். அக்காலத்தில் மனித உருவத்தை எலும்பும் தசையுமாக ஆராய்ந்து வேறு சித்திரங்களை வரைந்து காட்டிய பின்னரே ஒருவர் முழு மாணாக்கராவார்.

இத்தகைய சித்திரத்தை வீட்டிலிருந்து வரைந்துவிட முடியாது. பிரித்தானிய நூதனசாலையின் சிலைக் கூடங்களில் நாட்கணக்கில் அமர்ந்து வரைய வேண்டும். அன்றேல், அக்கடமிப் பிரவேசத்துக்கென்றே மாணாக்கரைத் தயார்செய்த தனியார் பள்ளிகளிற் பணம் கொடுத்துப் பயில வேண்டும். புளூம்ஸ்பரியில் ஹென்றி சாஸ் நடத்திய பள்ளி அத்தகையது. அங்கு புதியவர்கள் வெண்சாந்துப் பந்து ஒன்றை வரைவதிலேயே வாரக்கணக்கிற் செலவிட்டனர். அப்பள்ளியிற் பயின்ற ஜோன் எவரெட் மில்லே 1840இல், தமது பதினோராவது வயதிலேயே அக்கடமிப் பள்ளியில் அனுமதி பெற்றார். அவருடைய திறமை ஐயத்துக்கு இடமற்றது. எனினும், மகனின் கல்விக்காக இலண்டனுக்கே குடிபெயரக்கூடிய குடும்பம் அவருக்கு வாய்த்திருந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. நாள் முழுதும் ஆலையில் உழைத்த சிறுவனுக்குப் பள்ளி இலவசமென்ற செய்தியால் என்ன பயன்?

பெண்களின் நிலையோ இன்னும் விசித்திரமானது. அக்கடமியின் நிறுவன உறுப்பினருள் அஞ்செலிக்கா கவுஃப்மன், மேரி மோசர் என்னும் இருவர் பெண்கள். ஆயினும், 1771-72 காலத்தில் ஜொஹான் சொஃபனி தீட்டிய உறுப்பினர் குழுவின் ஓவியத்தில் ஆண்கள் அனைவரும் நிர்வாண மாதிரியைச் சூழ நிற்க, இப்பெண்கள் இருவரும் சுவரில் மாட்டிய படங்களாக மட்டுமே காட்சி தருகின்றனர். மனித உடலைப் பார்த்து வரையும் இடத்திற் பெண் நிற்றல் தகாது என்பதே அன்றைய ஒழுக்கக் கோட்பாடு. பெண்கள் பள்ளியிற் சேரலாகாதென எழுதப்பட்ட விதி ஏதும் இருக்கவில்லை. வழக்கமே விதியாக நின்றது. அக்கடமியின் கண்காட்சிகளிற் பெண்களின் ஓவியங்கள் தொங்கின. அவற்றை வரையக் கற்பிக்கும் கூடம் மட்டும் பூட்டியிருந்தது.

1859இல் பெண் ஓவியர் முப்பத்தெண்மர் பள்ளியைத் தமக்கும் திறக்குமாறு கையொப்பமிட்டுக் கோரினர். அதே ஆண்டில் லிண்ட்ஹேர்ஸ்ட் பிரபு, அக்கடமி நாட்டு மக்கள் அனைவருக்கும் பயனளிப்பதெனப் புகழ்ந்து பேசினார். அம்மக்களிற் பாதிப்பேர் வெளியே நிற்பதை லோறா ஹேர்போட் என்னும் பெண் ஓவியர் அவருக்கு எழுதிச் சுட்டிக்காட்டினார். 1860இல் ஹேர்போட் தம் சித்திரங்களை அக்கடமிக்கு அனுப்பினார். அவற்றிற் பெயரின் முதலெழுத்துகளும் குடும்பப் பெயருமே இருந்தன. வரைந்தவர் ஆணென்றே நினைத்த அக்கடமி அவரை ஏற்றுக்கொண்டது. உண்மை வெளிப்பட்டபோது அவரைத் தடுக்க விதியொன்றும் இல்லை. வேறு வழியின்றிக் கதவு திறந்தது.

சித்திரம் மாறவில்லை; கை மாறவில்லை; பெயர் மறைந்திருந்தமையே வேறுபாடு. நடுநிலையான தீர்ப்பெனப் போற்றப்பட்டதன் இயல்பை இதனினும் தெளிவாக எவர் காட்ட முடியும்?

ஆயின், ஒரு கதவு திறந்ததும் போராட்டம் முடிந்துவிடவில்லை. ஹேர்போட்டைத் தொடர்ந்து வேறு பெண்களும் சேரவே, 1863இல் அக்கடமி புதிய பெண்களை அனுமதிப்பதை நிறுத்தியது. மீண்டும் எதிர்ப்பு எழுந்த பின்னரே மட்டுப்பட்ட தொகையினர் அனுமதிக்கப்பட்டனர்; ஹேர்போட்டின் மருமகளான ஹெலன் பற்றர்சன் 1867இற் சேர்ந்தார். உள்ளே வந்தவர்களுக்கும் உயிர்மாதிரி வகுப்பு மறுக்கப்பட்டது. பல மனுக்களின் பின்னர் 1893இலேயே, பகுதியாக ஆடையணிந்த ஆண் மாதிரியைப் பார்த்து வரைய அவர்களுக்கு அனுமதி கிடைத்தது. மாதிரியின் இடையிற் சுற்றவேண்டிய துணி 9 அடி நீளமும் 3 அடி அகலமும் உடையதாயிருக்க வேண்டுமெனவும் விதித்தனர்! 1870இற் காலமான ஹேர்போட் அதனைக்கூடக் காணவில்லை.

இதன் விளைவு வகுப்பறையுடன் நின்றுவிடவில்லை. மனித உருவங்கள் நிறைந்த வரலாற்று ஓவியமே உயர்ந்ததென விதித்த அதே சமூகம், மனித உருவத்தைக் கற்கும் வழியைப் பெண்களுக்கு அடைத்தது. பின்னர், பெண்களாற் பூக்களையே வரைய முடியுமென நகைத்தது. போர்க்களக் காட்சிகளாற் புகழ்பெற்ற எலிசபெத் தொம்சன் 1879இல் இரண்டு வாக்குகளால் அக்கடமித் தெரிவை இழந்தார். 1819இல் மேரி மோசர் மறைந்த பின், 1936இல் லோறா நைற் தெரிவாகும் வரை, பெண் எவரும் அதன் முழு உறுப்பினராகவில்லை. பாரிஸ் நகரின் எக்கோல் தே போஸ் ஆர்ஸ் என்னும் அரசாங்கக் கலைப்பள்ளியும் 1897இலேயே பெண்களை ஏற்றது.

அப்பாரிஸ் பள்ளிதான் பொலிஸ் இலிகிதர் ஒருவரின் மகனான ஒகுஸ்த் றோடனையும் மும்முறை நிராகரித்தது. அவர் கைவினைஞருக்கான சிறு பள்ளியிற் பயின்று, கட்டிட அலங்கார வேலைகளால் நெடுங்காலம் வயிறு வளர்த்தார். பின்னர் உலகம் போற்றும் சிற்பியானார். திறமை எப்படியும் வென்றே தீரும் என்பதற்கு இதனைச் சான்றாக்குவோர் உளர். அவர்களுடன் நாம் உடன்படுவதற்கில்லை. வென்ற ஒருவரின் பெயரை நாம் அறிவோம்; கதவடியிலிருந்து திரும்பிச் சென்றோரின் பெயர்களை எந்த நூலும் பதிவு செய்யவில்லை.

கோவையைப் பார்த்துத் தெரிவு செய்யும் முறையை ஒழிக்க வேண்டுமென நாம் கூறவில்லை. பெயரை மறைத்து மதிப்பிடுதல் நல்லதே. ஆனால், அது வாசலில் மட்டுமே நீதி செய்யும். வாசலுக்கு இட்டுச்செல்லும் பாதையிலும் நீதி வேண்டும். ஒரு பிள்ளையின் வெறுமையான கோவையைக் கையில் எடுக்கும் ஆசிரியர், அதிற் திறமையில்லை என்று சொல்லுமுன், அப்பிள்ளைக்குத் தாளும் நேரமும் யார் கொடுத்தார்கள் எனக் கேட்பாராக. அக்கேள்வி எழுமிடத்திலேயே கலைக்கல்வி மக்களுக்கு உரியதாகத் தொடங்கும்.